ரூட்கிட்: கரந்துறை நிரல்

கணினிக்குள் ஒளிந்து தங்கும் நிரலான ரூட்கிட்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? அச்சொல்லில் வரும் 'ரூட்', செடியின் வேரைக் குறிப்பதன்று. யூனிக்ஸ் இயங்குதளத்தில் எல்லா அதிகாரமும் பெற்ற பயனர் கணக்குக்கு 'ரூட்' என்று பெயர். 'கிட்' என்பது கருவித் தொகுப்பு. 1990களின் தொடக்கத்தில் யூனிக்ஸ் கணினிகளுக்குள் நுழைந்து அந்த அதிகாரத்தைக் கைப்பற்றியவர்கள், அது கைநழுவாமலும் நிர்வாகியின் கண்ணில் படாமலும் இருப்பதற்காக வைத்துச் சென்ற நிரல்களே முதலில் இப்பெயர் பெற்றன. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் 'பிஎஸ்' கட்டளையை அகற்றிவிட்டு, அதே பெயரில் பொய்ப் பட்டியல் தரும் போலி ஒன்றை வைப்பது அவர்கள் வழக்கம்.

விண்டோசில் இம்முறை இன்னும் ஆழமாக இறங்கியது. ஓடும் நிரல்களை டாஸ்க் மேனேஜர் பட்டியலிட்டுக் காட்டுகிறது; அப்பட்டியலை அது தானாக அறிவதில்லை, இயங்குதளத்தைக் கேட்டே பெறுகிறது. ரூட்கிட் அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அமர்ந்து, தன் பெயரை மட்டும் அடித்துவிட்டு மீதியை அனுப்பிவைக்கிறது. ஆண்டிவைரசும் அதே இயங்குதளத்தை நம்பிக் கேட்கும்போது, அதற்கும் அதே பொய்தான் கிடைக்கும்.

இச்சொல்லைப் பொதுமக்கள் காதுக்குக் கொண்டுவந்தது 2005இல் வெடித்த சோனி பிஎம்ஜி விவகாரம். அந்நிறுவனத்தின் சில இசைத்தட்டுகளைக் கணினியில் இட்டால், படியெடுப்பதைத் தடுக்கும் மென்பொருளோடு ஒரு ரூட்கிட்டும் சேர்ந்து பதிந்தது. டாலர் குறிகளுக்கிடையே 'சிஸ்' என்று தொடங்கும் பெயருள்ள எதையும் அது மறைத்தது. இதைக் கண்டுபிடித்து அக்டோபர் 31 அன்று வெளியிட்ட விண்டோஸ் வல்லுநர் மார்க் ருசினோவிச், நோட்பேடின் நகல் ஒன்றுக்கு அப்படிப் பெயரிட்டுப் பார்த்தார், அதுவும் மறைந்துபோனது. அடுத்த மாதமே வேறு தீநிரல்கள் அந்த மறைவிடத்தைப் பயன்படுத்தத் தொடங்கின. பாட்டுக் கேட்க விரும்பியவரின் கணினியில் அவரறியாமல் இப்படியொரு பொந்தைத் தோண்டியதை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

மறைவது பாதி வேலை, நிலைப்பது மறுபாதி. சாதனத்தை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருள்போலப் பதிவுசெய்துகொண்டு ஒவ்வொரு முறையும் கணினியோடு சேர்ந்து எழுவது ஒரு வழி. வன்தட்டின் தொடக்கப் பகுதியில் குடியேறி, விண்டோசுக்கு முன்பே விழித்துக்கொள்வது இன்னொரு வழி. 2018இல் வெளிப்பட்ட லோஜாக்ஸ் என்னும் ரூட்கிட், தாய்ப்பலகையிலுள்ள சிப்பிலேயே தங்கியதால், வன்தட்டை மாற்றினாலும் போகவில்லை.

ஆகவே 'வேர்க்கருவி' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பொருந்தாது. படிப்பவர் மனத்தில் மரமும் மண்வெட்டியும்தான் வரும். 'கரத்தல்' என்றால் மறைதல், 'உறைதல்' என்றால் தங்குதல். ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்துவைக்கும் சித்திரகவியைக் கரந்துறைச் செய்யுள் என்று நம் புலவர்கள் அழைத்தார்கள். மறைவு, நிலைப்பு ஆகிய இரண்டையும் ஒருங்கே சொல்லும் 'கரந்துறை நிரல்' என்பதையே நான் முன்வைக்கிறேன். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கணினி எழும்போது தானாக ஓட வேண்டிய நிரல்களின் பட்டியலில் தன் பெயரை வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டு தொல்லை தரும் விளம்பர நிரல் உறைகிறதே தவிரக் கரப்பதில்லை என்பதால், அதற்கு இப்பெயர் பொருந்தாது.