கேட்ஃபிஷிங்: கெளுத்தி மீனுக்கும் பொய் ப்ரொஃபைலுக்கும் என்ன சம்பந்தம்?

"கேட்ஃபிஷிங்னா என்னண்ணே, மீன் பிடிக்கிறதா?"ன்னு என் சித்தப்பா பையன் கேட்டான். கேக்கும்போதே கண்ணு செவந்திருந்துச்சு. எட்டு மாசமா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேசிட்டிருந்த பொண்ணு, அப்படி ஒருத்தியே கிடையாதுன்னு தெரிஞ்சு அப்பதான் ரெண்டு நாள் ஆகியிருந்துச்சு, கூட வேலை பாக்குற யாரோ "உன்னைய கேட்ஃபிஷ் பண்ணிட்டாங்கடா"ன்னு சொல்லியிருக்காங்க, அவனுக்கு நடந்ததும் புரியல, அதுக்கு வெச்சிருக்கற பேரும் புரியல. அன்னைக்கு பாதிதான் சொல்ல முடிஞ்சுது. மீதிய இங்க எழுதுறேன்.

முதல்ல பொருள். இல்லாத ஒரு ஆள இணையத்துல உருவாக்கி, வேற யாரோட போட்டோவையோ எடுத்துப் போட்டு, பேரு, ஊரு, வயசு, வேலை, குடும்பம்னு எல்லாத்தையும் கட்டி, அந்த ஆளாவே இருந்து இன்னொருத்தர் கிட்ட பழகுறதுக்குப் பேருதான் கேட்ஃபிஷிங். இதுல "பழகுறது"ங்கற பகுதிதான் உயிரு. ஃபேக் ஐடில வந்து நாலு கெட்ட வார்த்தை திட்டிட்டுப் போறவன் கேட்ஃபிஷ் இல்ல. பேங்க்ல இருந்து பேசுறேன்னு ஓடிபி கேக்குறவனும் இல்ல. மாசக்கணக்கா பேசி, சாப்ட்டியா தூங்குனியான்னு விசாரிச்சு, நம்மள மனசு விட்டுப் பேச வெக்கிறவங்களுக்குத்தான் இந்தப் பேரு. பணம் கேக்கணும்னு கூட அவசியமில்ல. பணம் கேட்டுட்டா அது காதல் மோசடின்னு அடுத்த கட்டத்துக்குப் போயிடுது, கெண்டையப் போட்டு விரால இழுக்கிறதுன்னு நம்ம ஊர்ல சொல்றது அந்த ரகத்துக்குத்தான் பொருந்தும்.

இப்ப மீன் எங்க இருந்து வந்துச்சுன்னு பாப்போம், இதுதான் சுவாரசியமான இடம். 2010ல அமெரிக்காவுல கேட்ஃபிஷ்னு ஒரு ஆவணப்படம் வந்துச்சு. நியூயார்க்ல இருந்த நெவ் ஷுல்மன்ங்கற போட்டோகிராபருக்கு 2007 வாக்குல நடந்த கதை. பேப்பர்ல வந்த அவரோட போட்டோ ஒண்ண பாத்து மிச்சிகன் மாநிலத்துல இருந்து எட்டு வயசுக் குழந்தை ஒண்ணு வரைஞ்சதா ஒரு ஓவியம் வருது, அப்புறம் அந்தக் குழந்தையோட அம்மா, அக்கா, அக்காவோட ஃப்ரெண்ட்ஸ்னு ஃபேஸ்புக்ல ஒரு கூட்டமே பழக்கமாகுது, அந்த அக்கா மேல இவருக்கு காதலும் வந்துடுது. அந்தப் பொண்ணு தானே பாடுனதா அனுப்புன பாட்டு வேற யாரோ பாடி நெட்ல போட்டதுன்னு ஒரு நாள் தெரியவரவும் சந்தேகம் வந்து, கேமராவோட நேர்ல போய் கதவத் தட்டுறாங்க. இஷ்பெமிங்னு சின்ன ஊரு. அங்க இருந்தது நாப்பது வயசு வாக்குல இருந்த, கல்யாணமான ஒரு பெண். ஓவியம் வரைஞ்சதும் அவங்கதான், அக்காவா பேசுனதும் அவங்கதான், அந்தக் கூட்டத்துல முக்காவாசிப் பேரா இருந்ததும் அவங்க ஒருத்தரேதான். வீட்ல கணவரோட மூத்த தாரத்துப் பசங்க ரெண்டு பேரு கடுமையான ஊனத்தோட, அவங்கள பாத்துக்கிட்டு நாள் பூரா வீட்டுக்குள்ளயே இருந்தவங்க. பொய்யா ஒரு ஊரையே கட்டி அதுல வாழ்ந்திருக்காங்க.

அந்தப் படத்தோட கடைசில அவங்க கணவர் ஒரு கதை சொல்றாரு. அந்தக் காலத்துல அலாஸ்காவுல இருந்து காட் மீன உயிரோட தொட்டில போட்டு சீனாவுக்குக் கப்பல்ல அனுப்புவாங்களாம், போய்ச் சேர்றதுக்குள்ள மீன் அசையாம கெடந்து சதையெல்லாம் சவசவன்னு ஆயிடுமாம், அதனால தொட்டில ஒரு கேட்ஃபிஷ்ஷ விட்டாங்களாம், அது துரத்தத் துரத்த மத்த மீனெல்லாம் சுறுசுறுப்பா இருந்துச்சாம். வாழ்க்கையிலயும் நம்மள சும்மா இருக்க விடாத கேட்ஃபிஷ் மாதிரி ஆளுங்க இருக்காங்க, அவங்க இல்லைன்னா வாழ்க்கை சப்புன்னு போயிடும்னு சொல்லி முடிக்கிறாரு.

கவனிச்சீங்களா, அவரு சொன்னது பாராட்டு. பொய்யி, ஏமாத்து, போலி முகம்னு எதுவுமே அந்தக் கதையில கிடையாது. அந்தக் கதையும் அவரோடது இல்ல, 1913லேயே இங்கிலாந்துல அச்சுல வந்த பழைய உவமைக் கதைதான், பிரசங்க மேடையில சொல்றதுக்குத் தோதான கதை. ஆனா படத்துக்கு அதையே பேரா வெச்சுட்டாங்க, படம் பாத்த சனம் கதையோட நியாயத்த விட்டுட்டு, படத்துல நடந்த ஏமாத்துக்கே அந்தப் பேர ஒட்டிடுச்சு. 2012ல அதே ஷுல்மன் தொகுத்து வழங்குன டிவி நிகழ்ச்சி அதே பேருல எம்டிவியில வந்துச்சு. 2013 ஜனவரில மேன்டை டேயோங்கற அமெரிக்க கல்லூரி ஃபுட்பால் வீரரோட கதை வெளிய வந்துச்சு: ரத்தப் புற்றுநோய்ல செத்துப் போனதா நாடே பரிதாபப்பட்ட அவரோட காதலி பொறக்கவே இல்ல, அவரும் நேர்ல பாத்ததே இல்ல, எல்லாம் போன்லயும் மெசேஜ்லயும் வளந்த பழக்கம். அந்த வாரத்துல அமெரிக்கா முழுக்க இந்த வார்த்தை வாய்க்கு வாய் போயிடுச்சு. 2014ல மெரியம் வெப்ஸ்டர் அகராதி இந்தப் புதுப் பொருளச் சேத்துக்கிச்சு. மீன் பேரு நாலே வருஷத்துல வினைச்சொல் ஆயிடுச்சு.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? கேட்ஃபிஷ்னா நம்மூர் கெளுத்தி. பூனை மாதிரி மீசை இருக்கறதால அங்க அந்தப் பேரு. இங்க கெளுத்தின்னா நமக்கு ஞாபகம் வர்றது முள்ளுதான், வலையில இருந்து எடுக்கத் தெரியாம கைய விட்டவங்களுக்கு அந்தக் கடுப்பு எவ்வளவு நேரம் நிக்கும்னு தெரியும். ஆனா அதுக்காக "கெளுத்தியாக்கம்"னு யாராவது எழுதுனா நான் ஒத்துக்க மாட்டேன், ஏன்னா இங்கிலீஷ்லயே அந்த மீனுக்கும் ஏமாத்துக்கும் நேர் உறவு இல்ல, ஒரு படத்தோட பேரு அவ்வளவுதான். அந்தப் படம் பாக்காதவங்களுக்கு கெளுத்தி எதையும் சொல்லாது.

நம்ம ஆளுங்க புழங்குறது ஃபேக் ஐடி, எழுத்துல போலிக் கணக்கு. ரெண்டும் நல்லா புரியும், ஆனா ரெண்டும் கருவியோட பேரு, செயலோட பேரு இல்ல. கத்தி வேற குத்து வேற இல்லையா. அடுத்து ஆள்மாறாட்டம். அருமையான பழைய சொல்லு, சட்டத்துலயும் பத்திரிகையிலயும் நல்லா வேரூன்றுனது, 2019ல நீட் தேர்வு வழக்கு வந்தப்ப தமிழ்நாட்டுல இந்தச் சொல்ல படிக்காதவங்களே இல்ல. ஆனா ஆள்மாறாட்டம்னு கேட்டதும் நமக்குத் தோணுறது என்ன, ராமன் எழுத வேண்டிய பரீட்சையை சோமன் எழுதுறது. அங்க மாறுறதுக்கு ஒரு நிஜ ராமன் இருக்கான். கேட்ஃபிஷிங்ல பல நேரம் ராமனே கிடையாது. பேரு ஒருத்தர் யோசிச்சது, முகம் இன்னொருத்தர் கிட்ட திருடுனது, வாழ்க்கை கதை சுத்தமா கற்பனை.

அதனால நான் சொல்லிப் பாக்குற சொல்லு ஆள்புனைவு. இல்லாத கதையப் பின்னுனா கதைபுனைதல், இல்லாத ஆளப் பின்னுனா ஆள்புனைதல். செஞ்சவர் ஆள்புனைவர், செய்யப்பட்ட பொய் ஆளு புனையாள். "அந்தப் பொண்ணு ஒரு புனையாள்டா"ன்னு வாயில சொல்லவும் வருது.

ஆனா புனைன்னு சொன்னதும் ஒரு கேள்வி வரும், வரணும். அப்ப புனைபெயர் வெச்சிருக்கறவங்க எல்லாம் யாரு? எஸ். ரங்கராஜன் தன்னோட மனைவி பேர வெச்சுக்கிட்டு சுஜாதாவா எழுதுனாரு, சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனாரு, யாரும் அத ஏமாத்துன்னு சொன்னதில்ல. இன்னைக்கும் பேரு மாத்தி இணையத்துல இருக்கற பொண்ணுங்க எத்தனையோ பேரு, சொந்தப் பேருல போட்டோ போட்டா என்ன மாதிரி மெசேஜ் வருதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். மாமியார் கண்ணுல படாம கவிதை எழுதுறவங்க இருக்காங்க, வீட்டுக்குத் தெரியாம மனநோய்க்கு மருந்து சாப்பிடுறதப் பத்தி எழுதுறவங்க இருக்காங்க, பேரு மறைச்சதாலதான் அவங்களால நிஜத்தப் பேச முடியுது. மறைக்கிறது வேற, மாத்திச் சொல்றது வேற. "என் ஊர் சொல்ல மாட்டேன்"னா அதுல ஒரு பொய்யும் இல்ல. சேலம்னு சொல்லிட்டு சேலத்துல இல்லாததும், கல்யாணம் ஆகலைன்னு சொல்லிட்டு ஆகியிருக்கறதும், எதிர்ல இருக்கறவங்க அத நம்பித்தான் அடுத்த அடி எடுத்து வெக்கிறாங்கன்னு தெரிஞ்சே சொல்றதுதான் ஆள்புனைவு. எல்லாத்தையும் சொல்லணும்னு யாருக்கும் கடமை இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன். எத நம்பி அவங்க மனசக் குடுக்குறாங்களோ அது நெசமா இருக்கணும்.

பழைய ப்ரௌசிங் சென்டர் காலம் பாத்தவங்களுக்குத் தெரியும், யாஹூ சாட்ல போனா முதல் கேள்வியே ஏ.எஸ்.எல் தான், வயசு, ஆணா பொண்ணா, எந்த ஊரு. அதுக்கு நெசத்தச் சொன்னவங்க கம்மி, கேட்டவங்களும் நம்பல. ஒரு மணி நேரத்துக்குக் காசு குடுத்துட்டு எழுந்து போற இடத்துல அது பெருசா யாரையும் அறுக்கல. இப்ப போன் தலகாணிக்குப் பக்கத்துல இருக்கு.

சாட்ல ஏன் இவ்வளவு சீக்கிரம் மனசத் தொறந்துடுறோம்னும் ஆராய்ஞ்சிருக்காங்க. ஒருத்தர் தன்னப் பத்தி ஒண்ணு சொன்னா எதிர்ல இருக்கறவரும் பதிலுக்குத் தன்னப் பத்திச் சொல்லுவாருன்னு சிட்னி ஜுரார்ட்ங்கற உளவியலாளர் கணினி வீட்டுக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே எழுதிட்டாரு, அவரு புழங்குன சொல்லுக்கு நம்ம பாடப்புத்தகத் தமிழ் தன்வெளிப்படுத்தல், வீட்டுத் தமிழ் மனசு விட்டுப் பேசுறது. 2004ல ஜான் சுலர்னு இன்னொரு உளவியலாளர், முகம் தெரியாத எடத்துல கூச்சம் ஏன் கழண்டு போகுதுன்னு எழுதுனாரு, அந்தக் கழண்ட கூச்சத்தாலதான் சிலர் கொடூரமா திட்டுறாங்க, சிலர் யாருகிட்டயும் சொல்லாத துக்கத்தச் சொல்றாங்க. ஆள்புனைவர் வேலை செய்யறது இந்த ரெண்டு கதவையும் வெச்சுத்தான். பொய்யா ஒரு துக்கத்தச் சொல்லுவாங்க, நாம பதிலுக்கு நம்மளோட நெசமான துக்கத்தக் குடுப்போம்.

தமிழ்ல உண்மைக்கு மூணு சொல்லு இருக்கறதப் பத்திப் பெரியவங்க சொல்லுவாங்க: உள்ளத்துல இருந்தா உண்மை, வாயில வந்தா வாய்மை, மெய்யில நின்னா மெய்மை. மெய்ங்கற சொல்லுக்கு உடம்புன்னும் அர்த்தம், நெசம்னும் அர்த்தம், ஒரே சொல்லு. இணைய உலகத்துக்கு நாம வெச்ச பேரு மெய்நிகர். மெய் மாதிரி, ஆனா மெய் இல்ல. நேர்ல பேசும்போது வாய் பொய் சொன்னாலும் மொகமோ கையோ எங்கயாவது காட்டிக் குடுத்துடும், மெய் அங்க இருக்கும். சாட்ல அது கிடையாது, அங்க வாய்மை மட்டும்தான் மிச்சம். அதனாலதான் அங்க சொல்ற பொய்யி இங்க சொல்றத விட எனக்குப் பெருசாத் தெரியுது.

என் தம்பி கண்டுபிடிச்சதும் ஒரு மெய்யான பொருளை வெச்சுத்தான். அந்தப் பொண்ணு சேலத்துல நர்ஸ்னு சொல்லியிருந்துச்சு, ஒரு நாள் "என் ரூம்ல எடுத்தது"ன்னு ஒரு போட்டோ, பொண்ணுக்குப் பின்னாடி செவுத்துல ஒரு ப்ளக் பாயிண்ட். நம்ம ஊரு ப்ளக்ல மூணு உருண்டை ஓட்டை. அதுல நெட்டுக்குத்தா ரெண்டு கீறல், கீழ ஒரு சின்ன ஓட்டை, அமெரிக்கா மாதிரி ஊர்ல இருக்கறது. இவன் எலக்ட்ரீசியன் வேலை பாக்குறவன், மொகத்தப் பாக்குறதுக்கு முன்னாடி அவன் கண்ணு செவுத்துக்குத்தான் போச்சு. போட்டோவ பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்திருக்கான். அப்புறம் அத கூகுள்ல போட்டுத் தேடுனா வேற நாட்டுல, வேற பேருல, பாவம் எதுவும் தெரியாத ஒரு பொண்ணு. வீடியோ கால்ல வான்னு சொன்ன அன்னைக்கே ப்ளாக் பண்ணிட்டாங்க. யாரு, ஆணா பொண்ணா, எந்த ஊருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

ஒரு பைசா போகலையேன்னு வீட்ல எல்லாரும் ஆறுதல் சொன்னாங்க. அவன் என்கிட்ட தனியா சொன்னது இது: "அவ இல்லைங்கறது கூட போகட்டும்ணே. அப்பா செத்தப்ப நான் அழலைன்னு அவகிட்ட மட்டும்தான் சொன்னேன். அத நான் யாருகிட்ட சொன்னேன்னே தெரியலையே."

மிச்சிகன் பெண்ணுக்காகப் பரிதாபப்படுறவங்க நிறைய, அவங்க தனிமையைப் பாத்தா எனக்கும் பரிதாபம் வருது, அந்தப் பொய் முகங்கள் வழியா அவங்க காட்டுன பாசத்துல கொஞ்சம் நெசமும் இருந்திருக்கும். ஆனா என் தம்பி மொகத்தப் பாத்த பிறகு அந்த நெசத்த எந்தக் கணக்குல வெக்கிறதுன்னு எனக்குத் தெரியல, எதிர்ல இருந்தவருக்கு அத வாங்கிக்கறதா வேணாமான்னு முடிவு பண்ற வாய்ப்பையே குடுக்கலையே.

கடைசியா புழக்கத்துக்கு ஒரு விஷயம். பேச்சுலயும் எழுத்துலயும் ஆள்புனைவுன்னு சொல்லிப் பாருங்க, புடிக்கலைன்னா இன்னும் நல்ல சொல்லு குடுங்க. ஆனா போலீஸ்ல புகார் எழுதும்போது மட்டும் என் சொல்லப் போடாதீங்க, அங்க பழைய சொல்லுதான் வேலை செய்யும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவு, கணினி வழியா ஆள்மாறாட்டம் செஞ்சு ஏமாத்துறதுக்கானது, 3 வருஷம் வரைக்கும் சிறை, 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம். நிஜமா இல்லாத ஆளா நடிச்சாலும் நம்ம குற்றவியல் சட்டம் அத ஆள்மாறாட்டமாத்தான் எடுத்துக்குது. பணம் போயிருந்தா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் போடுங்க, போகலைன்னாலும் ஸ்க்ரீன்ஷாட் எதையும் அழிக்காதீங்க. என் தம்பி அழுகையில மொத்த சாட்டையும் டெலீட் பண்ணிட்டான், அந்த ப்ளக் பாயிண்ட் போட்டோ ஒண்ணுதான் கேலரில தப்பிச்சு இருந்துச்சு.