தோலை உரித்துப் பார்த்த பிறகு பேசுவோம்

ஒரு மார்ச் மாதக் காலை, ஆறு மணி இருக்கும். பண்ணைக்காரர் ஒருவர் போன் செய்தார். "டாக்டர், ராத்திரி ஒரு கன்று போச்சு. துறை ஆளுக்கும் சொல்லியிருக்கேன். அவர் வர்றப்போ நீங்களும் கூட இருந்தா நல்லது."

போய்ப் பார்த்தபோது பனியில் கிடந்தது பிறந்து பத்து நாள்கூட ஆகாத கன்று. கண்ணையும் நாக்கையும் அண்டங்காக்கைகள் முடித்துவிட்டிருந்தன. தாய்ப்பசு முப்பதடி தள்ளி நின்று கத்திக்கொண்டிருந்தது. மடி கனத்துப் பால் சொட்டியது. பண்ணைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாநில வனவிலங்குத் துறையின் அதிகாரி வந்தார், இளைஞர், தூங்கி இரண்டு நாளாகியிருக்கும் போன்ற முகம். யாரும் யாருக்கும் காலை வணக்கம் சொல்லவில்லை.

கன்றைப் புரட்டிப் போட்டு, பின்னங்காலிலிருந்து தோலை உரிக்க ஆரம்பித்தோம். மேலே பார்த்தால் ரோமத்தில் நாலைந்து சின்னத் துளைகள், அவ்வளவுதான். தோலுக்கு அடியில் தொடையின் உட்பக்கம் முழுக்கக் கருஞ்சிவப்பாக இரத்தம் கட்டி, தசை கூழாகியிருந்தது. அதிகாரி ஸ்கேலை எடுத்து இரண்டு துளைகளுக்கு இடையே வைத்தார். இரண்டு அங்குலம். ஓநாயின் மேல் கோரைப்பற்களுக்கு இடையே ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும். ஓநாயைவிடச் சின்னக் காட்டு விலங்கான கொயோட்டிக்கு ஒன்றேகால் அங்குலத்தைச் சுற்றித்தான் வரும். பண்ணைக்காரர் அப்போதுதான் கட்டியிருந்த கையை இறக்கினார்.

நான் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். போனில் பேசும் தமிழ் நண்பர்களிடம் ஓநாய் விஷயத்தைச் சொன்னால் பாதிப் பேர் "பாவம், அது பசிக்குத்தானே சாப்பிடுது" என்பார்கள். மீதிப் பேர் "சுட்டுத் தள்ள வேண்டியதுதானே" என்பார்கள். இரண்டுமே உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்ல எளிது. உரித்த தோலைக் கையில் பிடித்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் நிற்பவனுக்கு வேறு சில விஷயங்கள் தெரியும். அவற்றைத்தான் எழுதுகிறேன்.

கொலராடோவில் ஓநாய்களை 1940-களிலேயே ஒழித்துக்கட்டிவிட்டார்கள். விஷம், பொறி, தலைக்கு இவ்வளவு என்று பரிசுப் பணம், எல்லாம் நடந்தது. 2020 நவம்பரில் அவற்றைத் திரும்பக் கொண்டுவருவதா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்ததில் சுமார் 57,000 வித்தியாசத்தில் 'கொண்டுவரலாம்' என்ற பக்கம் ஜெயித்தது. ஆதரவு வாக்குகள் பெரும்பாலும் ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே, மாநிலத் தலைநகர் டென்வரைச் சுற்றிய நகரங்களிலிருந்து வந்தவை. ஓநாய்களை விட வேண்டிய இடமோ மலைத்தொடரின் மேற்குப் பக்கம் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. ஓட்டு ஒரு பக்கம், ஓநாய் மறுபக்கம். இங்குள்ள பண்ணைக்காரர்களின் கோபத்தில் பாதி ஓநாய் மேல் இல்லை, இதன் மேல்தான்.

2023 டிசம்பரில் ஒரிகன் மாநிலத்திலிருந்து பத்து ஓநாய்கள் வந்து இறங்கின. அவற்றில் சில, ஒரிகனில் கால்நடைகளைத் தாக்கிய கூட்டங்களைச் சேர்ந்தவை என்று பிறகு தெரிந்தது. 2024 ஏப்ரலில் கிராண்ட் கவுண்டியில் முதல் கன்று போனது. அப்புறம் அது ஒரு தொடர்கதையானது.

இழப்பீடு உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. கொலராடோவில் ஒரு மாட்டுக்கு 15,000 டாலர் வரை சந்தை விலை தருகிறார்கள். வைத்தியச் செலவும் தருகிறார்கள். பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் தாராளம்தான். ஆனால் அது ஓநாய்தான் கொன்றது என்று நிரூபணமாக வேண்டும், சிக்கலே அங்கேதான். அதிகாரி தன் படிவத்தில் 'உறுதி' என்று எழுதுகிறாரா, 'இருக்கலாம்' என்று எழுதுகிறாரா, 'தெரியவில்லை' என்று எழுதுகிறாரா? ஒரு குடும்பத்தின் அந்த வருடக் கணக்கு அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. அந்தச் சொல்லை முடிவு செய்வது தோலுக்கு அடியில் இருக்கும் இரத்தக்கட்டு. உயிரோடு இருக்கும்போது கடிபட்டால்தான் இரத்தம் கட்டும். செத்த பிறகு கடித்தால் துளை விழும், கிழியும், இரத்தம் கட்டாது. எளிய விதி. ஆனால் நூறு பவுண்டு கன்றை ஓநாய்க் கூட்டம் ஒரே இரவில் தின்று தீர்த்துவிடும். மறுநாள் நாலு எலும்பும் ஒரு முழம் தோலும் கிடைத்தால் எதை உரித்து எதைப் பார்ப்பது? திறந்த மலைக்காட்டு மேய்ச்சலில் அதுகூடக் கிடைப்பதில்லை. ஐடஹோ மாநிலத்தில் கன்றுகளுக்கு ரேடியோ கருவி மாட்டி நடத்திய ஆய்வு ஒன்று 2003-இல் வெளியானது. ஓநாய் கொன்றதாகக் கண்டெடுத்த ஒவ்வொரு கன்றுக்கும், கண்ணில் படாமலே போனவை எட்டு வரை இருக்கலாம் என்று அது கணக்கிட்டது. காடு அடர்ந்த அந்த மேய்ச்சல் நிலத்துக்கான கணக்கு அது, எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆனாலும் பண்ணைக்காரர் "இன்னும் ஏழு கன்று கணக்கில் இடிக்குது" என்று சொல்லும்போது நான் சிரிப்பதில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒருமுறை வேறொரு பண்ணையில் ஒரு கிடாரி செத்துக் கிடந்தது. சுற்றிலும் ஓநாய்க் கால்தடம், வயிறு கிழிந்து பாதி தின்ற நிலை. யார் பார்த்தாலும் ஓநாய் என்றுதான் சொல்வார்கள். உரித்துப் பார்த்தால் ஓரிடத்திலும் இரத்தக்கட்டு இல்லை. மிச்சமிருந்த நுரையீரலை வெட்டிப் பார்த்தேன். ஈரல் மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. நிமோனியா. ஓநாய்கள் வந்தது செத்த பிறகு, சாப்பிட மட்டும். நான் அதைச் சொன்னபோது அந்தப் பண்ணைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "நீங்களும் அவங்க பக்கமா?" என்றார். அப்புறம் எட்டு மாதம் என்னைக் கூப்பிடவில்லை. சினைப் பரிசோதனைக்குக்கூட ஐம்பது மைல் தள்ளி வேறொரு டாக்டரை வரவழைத்தார்.

மலையில் மாடு சாக ஓநாய் வர வேண்டும் என்பதில்லை. லார்க்ஸ்பர் என்ற நீலப்பூச் செடியைத் தின்றால் சாகும். மின்னல் விழுந்தால் மரத்தடியில் நாலைந்து சேர்ந்தே சாகும். உயரம் ஒத்துக்கொள்ளாமல் இதயம் திணறி, நெஞ்சுத்தொங்கலில் நீர் கோத்துச் சாகும். கன்று போடும்போது சிக்கி, வயிற்றுப்போக்கில், பனிப்புயலில் என்று மொத்தக் கணக்கில் இவைதான் அதிகம். மாநில அளவில் பார்த்தால் ஓநாயின் பங்கு மிகச் சின்னது. அதிகாரிகள் மேடையில் இதைச் சொல்வார்கள், உண்மையும்கூட. ஆனால் ஓநாய் மாநிலம் முழுக்கச் சமமாகப் பங்கு போட்டுத் தின்பதில்லை. ஒரு பள்ளத்தாக்கில் குட்டி போட்டால் அங்கிருக்கும் மூன்று பண்ணைகள்தான் மொத்த அடியையும் வாங்கும். சராசரியைக் காட்டி அந்த மூன்று பேரைச் சமாதானப்படுத்த முடியாது.

அப்புறம், சாகாத மாடுகளின் கணக்கு. ஓநாய் சுற்றும் இடத்தில் மந்தை நிம்மதியாக மேயாது. கும்பலாக நெருங்கி நின்று தலையைத் தூக்கிக்கொண்டே இருக்கும். மொன்டானாவில் நடந்த ஓர் ஆய்வில், ஓநாய் தாக்குதல் உறுதியான மந்தைகளில் கன்றுகள் சராசரியாக 22 பவுண்டு எடை குறைந்திருந்தன. கன்றைப் பவுண்டு கணக்கில் விற்பவருக்கு இது என்ன என்று புரியும். பயத்தில் சினை பிடிப்பதும் குறைகிறது என்று பண்ணைக்காரர்கள் சொல்கிறார்கள். 2025 மார்ச்சில் கொலராடோ இரண்டு பண்ணைகளுக்கு மட்டும் 3,40,000 டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. அதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட எடைக்குறைவுக்கும் சினை பிடிக்காமைக்கும்தான். இந்த இழப்பீட்டுக்கென்று மாநிலம் வருடத்துக்கு ஒதுக்கியிருந்ததே 3,50,000 டாலர்.

இழப்பீட்டுப் படிவத்தில் வராத ஒன்றும் உண்டு. ஓநாயிடம் அடிபட்ட மந்தைக்கு அதற்குப் பிறகு நாய் என்றாலே ஆகாது. தலைமுறையாக மாடு ஓட்டிய பண்ணை நாயையே முட்டித் தூக்கப் பாயும். ஒரு நாயும் ஒரு குதிரையும் செய்த வேலைக்கு இப்போது நாலு பேர் வேண்டும். நான் தடுப்பூசி போடப் போகும்போதே வித்தியாசம் தெரிகிறது. முன்பு அமைதியாக வரிசையில் வந்த பசுக்கள் இப்போது கம்பியில் மோதுகின்றன.

அதிகாரிகள் நிலையும் சொகுசானதல்ல. ஓநாய்களின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை இருக்கிறது. "எங்க இருக்குன்னு எங்களுக்குச் சொல்ல வேண்டியதுதானே?" என்று பண்ணைக்காரர் கேட்கிறார். பட்டை சில மணி நேரத்துக்கு ஒருமுறைதான் இடத்தைக் காட்டும், காட்டும்போது அது பழைய செய்தி. துல்லியமாகச் சொன்னால் யாராவது போய்ச் சுட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. சுடும் விஷயத்தில் சட்டமே மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. வயோமிங்கின் பெரும்பகுதியில் உரிமமே இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் ஓநாயைச் சுடலாம். அதே ஓநாய் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொலராடோவுக்குள் வந்தால் பாதுகாக்கப்பட்ட உயிர். இங்கே மாட்டைத் தாக்கும்போது கையும் களவுமாகப் பிடித்தால் சுடலாம் என்று 2023-இல் தனி விதி கொண்டுவந்தார்கள். இரவு இரண்டு மணிக்கு அதை நேரில் பார்ப்பவர் யார் என்பது வேறு கதை.

காப்பர் கிரீக் என்ற ஓநாய்க் கூட்டத்தின் கதை இந்த இழுபறிக்கு நல்ல உதாரணம். 2024-இல் குட்டி போட்ட ஜோடி அது. கால்நடைகள் தொடர்ந்து போனபோது சுடச்சொல்லிப் பண்ணைக்காரர்கள் கேட்டார்கள். துறை மறுத்தது, கோடை முடிவில் குடும்பத்தையே பிடித்து அடைத்தது. அடைபட்ட சில நாளில் ஆண் ஓநாய் செத்தது. அதன் காலில் முன்பே துப்பாக்கிச் சூட்டுக் காயம் இருந்தது. தாயையும் நாலு குட்டிகளையும் 2025 ஜனவரியில் வேறு பள்ளத்தாக்கில் விட்டார்கள். மே மாதம் அங்கேயும் மாடுகள் தாக்கப்பட்டன. கடைசியில் துறையே அந்தக் கூட்டத்தில் ஓர் இளம் ஆணைச் சுட வேண்டி வந்தது. இரு தரப்புமே திருப்தி அடையவில்லை. என் கருத்தைக் கேட்டால், தாக்குதலுக்குப் பழகிவிட்ட ஓநாயை வண்டியில் ஏற்றி இடம் மாற்றுவது பிரச்சினையை இன்னொருவர் தலையில் கட்டுவதுதான். சுடுவதாக இருந்தால் ஆரம்பத்திலேயே, குறிப்பிட்ட ஓநாயை. இல்லையென்றால் அந்தப் பணத்தையும் ஆட்களையும் தடுப்பு வேலையில் போட வேண்டும்.

தடுப்பு வேலை என்றதும் எல்லோரும் வேலி, விளக்கு என்று போவார்கள். நான் முதலில் பார்ப்பது பண்ணையின் பிணக்குழியை. செத்த மாடுகளைக் காலங்காலமாக ஒரு மூலையில் இழுத்துப் போடும் வழக்கம் பல பண்ணைகளில் இருக்கிறது. அது ஓநாய்க்கு வைத்த விருந்து. அதுவும் கன்று போடும் கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். அதைத் தள்ளிக் கொண்டுபோவதோ ஆழமாகப் புதைப்பதோ உரமாக்குவதோ, எதுவானாலும் ஓநாய் வருவதற்கு முன் செய்ய வேண்டும். அடுத்தது கொடிக்கயிறு. கயிற்றில் ஒன்றரை அடிக்கு ஒரு சிவப்புத் துணித்துண்டு தொங்கும், காற்றில் ஆடும். ஓநாய் அதைத் தாண்டத் தயங்கும். ஆனால் ஏறக்குறைய இரண்டு மாதம்தான் இந்த வித்தை. அதற்குள் பழகிவிடும். மின்சாரம் பாய்ச்சிய கயிறு என்றால் கொஞ்சம் கூடுதல். ஆகவே கன்று போடும் ஆறு வாரத்துக்கு மட்டும் கட்டிவிட்டு அவிழ்ப்பதுதான் சரி. வருடம் முழுக்கக் கட்டி வைத்துவிட்டு "இதெல்லாம் வேலைக்காகாது" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டு மந்தைக்குக் காவல் நாய் நல்ல துணை, ஆனால் ஒற்றை நாய் போதாது. ஓநாய்க் கூட்டத்தின் முன் ஒற்றை நாய் இன்னொரு இரைதான். கிடை போட்ட இடத்தில் ஆள் படுத்திருப்பதற்கு இணை எதுவும் இல்லை. ஐடஹோவில் உட் ரிவர் பள்ளத்தாக்கில் 2008 முதல் மேய்ப்பர்கள், நாய்கள், விளக்கு, கொடிக்கயிறு என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தார்கள். ஆயிரக்கணக்கான ஆடுகள் ஓநாய்களின் நடுவே மேய்ந்தன, இழப்பு மிகக் குறைவாகவே இருந்தது. அங்கே சாதித்தது எந்த ஒரு கருவியும் அல்ல, இரவில் விழித்திருந்த ஆட்கள். அந்த ஆளுக்குச் சம்பளம் யார் தருவது என்பதில்தான் பண்ணைக்காரரும் துறையும் மறுபடி முட்டிக்கொள்வார்கள்.

மாடு செத்துக் கிடப்பதைப் பார்த்தால் என்ன செய்வது? இழுக்காதீர்கள், புரட்டாதீர்கள். சுற்றி நடந்து கால்தடத்தை அழிக்காதீர்கள். தடத்தின் பக்கத்தில் ஓர் அளவுகோலோ கத்தியோ வைத்துப் படம் எடுங்கள். பிறகு தார்ப்பாய் போட்டு, ஓரங்களில் கல் வைத்து மூடுங்கள், காக்கையும் கழுகும் சாட்சியைத் தின்றுவிடும். வீட்டு நாய்களைக் கட்டிப் போடுங்கள். உடனே போன் செய்யுங்கள். வெயில் காலத்தில் ஒரு நாள் தாமதம் என்றால் எல்லாம் ஊதி, பச்சையாகி, இரத்தக்கட்டும் அழுகலும் ஒன்றுபோலத் தெரியும்.

கடிபட்டு உயிரோடு இருக்கும் கன்று என்றால், மேலே தெரியும் துளையை நம்பாதீர்கள். ரோமத்தைச் சிரைத்துப் பார்த்தால் நாலு துளை பதினாலாகும். உள்ளே நசுங்கிய தசை அழுகி, சீழ் பிடித்து, நாலாம் நாள் சாகும். துளையைத் தைத்து மூடவே கூடாது, சீழ் வெளியேற வழி வேண்டும். உப்புத் தண்ணீர் விட்டு நன்றாக அலசி, ஆன்டிபயாடிக்கும் வலி மருந்தும் தொடர்ந்து கொடுத்தால் சில பிழைக்கும்.

எட்டு மாதம் பேசாமல் இருந்த அந்தப் பண்ணைக்காரரைச் சொன்னேன் அல்லவா? ஒன்பதாம் மாதம் ஒரு விடியற்காலை அவரிடமிருந்து போன் வந்தது. நலமா, சௌக்கியமா எதுவும் இல்லை. "தார்ப்பாய் போட்டு மூடியிருக்கேன். துறைக்கும் சொல்லிட்டேன். நீங்களும் வாங்க." நான் போனபோது அதிகாரியின் வண்டி முன்பே நின்றிருந்தது. இருவரும் தார்ப்பாயின் இரண்டு பக்கமும் பேசாமல் நின்றிருந்தார்கள். மூன்று பேருமாகச் சேர்ந்துதான் தோலை உரித்தோம். அன்றைக்கு அது ஓநாய்தான்.