பாப்பியைக் கழற்றச் சொன்னால்? குத்தச் சொன்னால்?

அக்டோபர் கடைசி வாரம் வந்துவிட்டால் பிரிட்டனில் ரயில் நிலையங்களிலும் சூப்பர்மார்க்கெட் வாசல்களிலும் போரில் இறந்தவர்களின் நினைவாக அணியும் 'பாப்பி' என்ற சிவப்புக் காகிதப் பூவோடு உண்டியல் ஏந்தி நிற்பார்கள். வேலைச் சட்ட ஆலோசகரான எனக்கும் அந்த வாரத்திலிருந்துதான் போன் அதிகம் வரும். முதலாளிகளும் கூப்பிடுவார்கள், ஊழியர்களும் கூப்பிடுவார்கள். கேள்வி இரண்டே வகை. "பாப்பியைக் கழற்றச் சொல்கிறார்கள், அப்படிச் சொல்லலாமா?" என்பது ஒன்று. "எல்லாரும் குத்த வேண்டும் என்கிறார்கள், நானும் குத்தித்தான் ஆக வேண்டுமா?" என்பது மற்றொன்று. முதல் கேள்வி கோபத்தோடு வரும். இரண்டாவதைக் கேட்பவர்கள், அதிலும் நம்மவர்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். விசா ஸ்பான்சர்ஷிப் முதலாளி கையில் இருக்கும்போது ஒரு பூவுக்காக மல்லுக்கு நிற்க யாருக்கு மனம் வரும்?

முதல் கேள்விக்கான பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வேலையிடத்தில் பாப்பி அணிவதற்கென்று தனிச் சட்ட உரிமை எதுவும் பிரிட்டனில் இல்லை. முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11 அன்று காலை 11 மணிக்கு ஓய்ந்தது. 1921-இல் ராயல் பிரிட்டிஷ் லீஜியன் என்ற தொண்டு அமைப்பு (அப்போது வெறும் பிரிட்டிஷ் லீஜியன்) இந்தப் பூவை வைத்து முன்னாள் படைவீரர்களுக்காக நிதி திரட்டத் தொடங்கியது. காலப்போக்கில் நினைவு ஞாயிறு எனப்படும் நவம்பர் இரண்டாம் ஞாயிறும் 11-ஆம் தேதியின் இரண்டு நிமிட மௌனமும் இந்நாட்டு வாழ்க்கையின் பகுதியாகிவிட்டன. அரச குடும்பமும் அணிகிறது, டிவியில் செய்தி வாசிப்பவரும் அணிகிறார். இத்தனை ஊறிப்போன வழக்கத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

2011-இல் இது வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் வரை போனது. பாதுகாப்பு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவரை, வேலை நேரத்தில் பாப்பி அணியக் கூடாது என்று நிறுவனம் தடுத்தது. நவம்பர் 2 முதல் நினைவு ஞாயிறு வரை பாப்பி அணிந்து உயிர் நீத்தவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்பது தன் நம்பிக்கை, அதைத் தடுப்பது பாகுபாடு என்று அவர் வாதிட்டார். 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் மதத்தையும் தத்துவ நம்பிக்கையையும் பாதுகாக்கிறது. ஆனால் எதையெல்லாம் 'நம்பிக்கை' என்று ஏற்பது என்பதற்கு 2009-இன் கிரெய்ஞ்சர் வழக்கு சில அளவுகோல்களை வைத்திருக்கிறது. நம்பிக்கை உண்மையானதாக இருக்க வேண்டும். இன்றைய தகவலை வைத்து எடுத்த வெறும் அபிப்பிராயமாக இருக்கக் கூடாது. மனித வாழ்வின் கனமான ஒரு விஷயத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். கோர்வையும் தீவிரமும் வேண்டும். பிறர் உரிமையை மிதிக்காததாக, ஜனநாயகச் சமூகத்தில் மதிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட நாட்களில் ஒரு பூவை அணிவது என்ற நம்பிக்கை இந்த அளவுகோலுக்கு மிகவும் குறுகியது என்று தீர்ப்பாயம் முடிவு செய்தது. வழக்கு அங்கேயே நின்றது. கீழ்நிலைத் தீர்ப்பாயத்தின் முடிவு என்பதால் மற்ற தீர்ப்பாயங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் நிறுவனங்களின் வக்கீல்கள் இன்றுவரை அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சிவப்புப் பாப்பியை அணிய விரும்புகிறவரை விட, மறுக்கிறவரிடம் சில நேரம் வலுவான சட்டப் பிடி இருக்கும். எந்தப் போரும் கூடாது என்ற சமாதானவாதம் பாதுகாக்கத் தக்க நம்பிக்கை என்று ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் 1978-லேயே ஏற்றுக்கொண்டது. போர் எதிர்ப்பைக் காட்டும் வெள்ளைப் பாப்பி 1933 முதல் இருக்கிறது. கூட்டுறவு மகளிர் சங்கம் தொடங்கிய அதை இப்போது சமாதான உறுதிமொழி ஒன்றியம் விநியோகிக்கிறது. ஆகவே போரை முழுமனதாக எதிர்க்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஒருவரையோ, தேசியச் சடங்குகளில் கலந்துகொள்ளாத யெகோவாவின் சாட்சிகள் பிரிவினர் ஒருவரையோ "சிவப்பைக் குத்து" என்று கட்டாயப்படுத்தினால் மத, நம்பிக்கைப் பாகுபாட்டு வழக்குக்கு வழி திறக்கும். பூவை விற்கும் லீஜியனே அணிவது அவரவர் விருப்பம், கட்டாயப்படுத்தக் கூடாது என்றுதான் சொல்கிறது. மேனேஜர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

மறுப்பவர் எல்லாரும் மதக் காரணத்துக்காக மறுப்பதும் இல்லை. கால்பந்து வீரர் ஜேம்ஸ் மெக்லீன் 2012 முதல் பாப்பி பொறித்த ஜெர்சியை அணிய மறுத்து வந்தார். அவர் வட அயர்லாந்தின் டெரி நகரத்துக்காரர். 1972 ஜனவரி 30 அன்று பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் அந்த ஊரில் 13 பேர் அன்றே இறந்தார்கள். இரு உலகப் போர்களில் இறந்தவர்களுக்காக மட்டும் என்றால் அணிவேன், ஆனால் பாப்பி எல்லாப் போர்களையும் குறிக்கிறதே என்று 2014-இல் தன் கிளப் தலைவருக்குக் கடிதம் எழுதினார். மைதானம் முழுக்க அவரைத் திட்டியது. கிளப் அவர் முடிவை ஏற்றுக்கொண்டது. ஒரு நல்ல முதலாளி செய்ய வேண்டியதும் அதுதான் என்பது என் கருத்து.

சட்டத்தில் உண்மையான ஆபத்து பெரும்பாலும் சக ஊழியர்கள் வாயில் இருக்கிறது. பாப்பி இல்லாமல் வரும் ஒருவரை நவம்பர் முதல் வாரம் முழுக்கக் கேன்டீனில் வைத்து "இந்த நாட்டில் சம்பளம் வாங்குகிறாய், ஒரு பூ குத்த மாட்டாயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், அது அவருடைய இனத்தையோ மதத்தையோ தொட்டுப் பேசுவதாக ஆகும்போது, சமத்துவச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்லும் துன்புறுத்தலாகிவிடும். பேசியவர் சாதாரண ஊழியர்தானே என்று நிறுவனம் கையைக் கழுவ முடியாது. தடுக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்தோம் என்று காட்டினால்தான் தப்பிக்கலாம். இவ்வளவுக்கும் முதல் உலகப் போரில் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரிட்டனுக்காகப் பணிபுரிந்தார்கள். அதை நினைவுகூர 2018-இல் லீஜியன் கதர்த் துணியிலேயே ஒரு பாப்பி கொண்டுவந்தது. கேன்டீனில் கேள்வி கேட்கிறவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சரி, அப்படியானால் முதலாளி இஷ்டத்துக்குத் தடை போடலாமா? போடலாம், ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் போட வேண்டும். நான் பார்க்கும் தகராறுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன. 'சீருடையில் எந்தச் சின்னமும் கூடாது' என்று கையேட்டில் இருக்கும். ஆனால் மேனேஜர் தன் கால்பந்து கிளப் பேட்ஜோடு திரிவார், மார்ச்சில் சிலர் அயர்லாந்துச் சின்னமான ஷாம்ராக் இலையைக் குத்தியிருப்பார்கள், ஜூனில் நிறுவனமே வானவில் பட்டி கொடுத்திருக்கும். நவம்பரில் மட்டும் விதி திடீரென்று விழித்துக்கொள்ளும். அல்லது பாப்பிக்கு அனுமதி, வேறு எந்த நினைவுச் சின்னத்துக்கும் இல்லை என்றிருக்கும். சட்டப்படி 'இனம்' என்பதில் தேசியமும் தேசியப் பூர்வீகமும் இனக்குழுப் பூர்வீகமும் அடக்கம். ஒரு சமூகத்தின் சின்னத்துக்குச் சிரிப்பும் இன்னொன்றுக்கு எச்சரிக்கைக் கடிதமும் என்றால், தீர்ப்பாயத்தில் நிறுவனம் பதில் சொல்லத் திணறும்.

காரணத்தின் கனமும் முக்கியம். 2013 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பூரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் சிலுவை பற்றிய இரண்டு வழக்குகளை முடித்தது. ஒன்று பிரிட்டிஷ் ஏர்வேஸின் செக்-இன் ஊழியருடையது. கழுத்துச் சிலுவை வெளியே தெரியக் கூடாது என்றது நிறுவனம், காரணம் கம்பெனி இமேஜ். அவர் ஜெயித்தார். தலைப்பாகைக்கும் ஹிஜாபுக்கும் அனுமதி இருந்ததும், பிற்பாடு நிறுவனமே விதியைத் தளர்த்தியதும் அவருக்குக் கை கொடுத்தன. மற்றது மருத்துவமனை நர்ஸ் ஒருவருடையது. சங்கிலியை நோயாளி பிடித்து இழுக்கலாம், புண்ணில் படலாம் என்றது மருத்துவமனை. அவர் தோற்றார். சிலுவை மதச் சின்னம், பாப்பி அப்படி இல்லை, ஆகவே அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. ஆனாலும் பாதுகாப்புக் காரணம் நிற்கும், அழகுக் காரணம் ஆட்டம் காணும் என்ற போக்கை மேனேஜர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு என்றதும் குண்டூசி ஞாபகம் வருகிறது. உணவுத் தொழிற்சாலையில் காகிதப் பூவும் ஊசியும் உணவுக்குள் விழக்கூடிய பொருட்கள், அங்கே தடை நியாயமானதே. சுழலும் இயந்திரம், முதியோர் இல்லம், ஐசியு எல்லாவற்றிலும் இதே கதைதான். முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் நம் பெண்கள் சிலர் "பூவை எடுக்கச் சொன்னது என்னை அவமானப்படுத்தவா?" என்று கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. ஊசியில்லாத ஸ்டிக்கர் பாப்பி கிடைக்கிறது, அதையாவது அனுமதிப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். அதையும் மறுத்தால்தான் காரணத்தைத் தோண்ட வேண்டும்.

அப்புறம், தமிழர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் ஒன்று: மாவீரர் நாளான நவம்பர் 27-க்குக் கார்த்திகைப் பூவை வேலைக்கு அணிந்து போகலாமா? நேராகவே சொல்கிறேன். நினைவுச் சின்னங்களுக்கு அனுமதி உள்ள இடத்தில் பாப்பிக்குச் சரி, உங்கள் பூவுக்கு இல்லை என்றால் இனப் பாகுபாடு என்ற கேள்வியை எழுப்ப இடமுண்டு. ஆனால் இங்கே இன்னொரு சட்டமும் குறுக்கே நிற்கிறது. விடுதலைப் புலிகள் அமைப்பு 2001 முதல் பிரிட்டனில் தடை செய்யப்பட்டது. தடை செய்யப்பட்ட அமைப்பின் ஆதரவாளர் என்ற நியாயமான சந்தேகம் எழும் விதத்தில் பொது இடத்தில் எதையும் அணிவது, 2000-ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம் 13-ஆம் பிரிவின்படி குற்றம். புலிச் சின்னமோ கொடியோ உள்ள பேட்ஜை வேலைக்குக் கொண்டுபோவதை நான் யாருக்கும் ஆலோசனையாகச் சொல்ல மாட்டேன். தனிப் பூ வேறு விஷயம்தான், தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. என்றாலும் அந்தப் பிரிவு பொருளை மட்டும் பார்ப்பதில்லை, எந்தச் சூழ்நிலையில் அணிந்தீர்கள் என்பதையும் பார்க்கும். மேனேஜருக்கு இந்தப் பூவைப் பற்றி எதுவுமே தெரிந்திருக்காது. அது என்ன, யாரை நினைவுகூர என்று முன்கூட்டியே நீங்களே விளக்கிவிடுவது நல்லது.

வட அயர்லாந்தில் வேலை பார்ப்பவர்கள் இதுவரை படித்ததை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2010 சமத்துவச் சட்டம் அங்கே பெரும்பாலும் செல்லாது. 1998-இன் நியாய வேலைவாய்ப்பு ஆணைதான் அங்கே சட்டம், அது அரசியல் கருத்தையும் பாதுகாக்கிறது. வேலையிடம் எல்லாருக்கும் இணக்கமான சூழலாக இருக்க வேண்டும் என்பதில் அங்குள்ள சமத்துவ ஆணையம் கறார். உரிய நாட்களில் மரியாதையாக அணியும் பாப்பியை அந்த ஆணையம் இணக்கத்தைக் குலைப்பதாகப் பார்ப்பதில்லை. ஆனால் ஐரிஷ் குடியரசுவாதிகள் தங்கள் தரப்பில் இறந்தவர்களுக்காக அணியும் ஈஸ்டர் லில்லி போன்ற சின்னங்களுக்கு அதே சலுகை இல்லை. இது சரியா என்று அங்கே வாதம் ஓயாது.

முதலாளிகளுக்கு நான் சொல்வது சுருக்கமானது. விதியை எழுதுங்கள், அக்டோபருக்கு முன்பே எழுதுங்கள். பாப்பி என்று பெயர் சொல்லாமல் எல்லாச் சின்னங்களையும் சேர்த்து எழுதுங்கள். எந்த வேலைக்கு, எந்தக் காரணத்துக்காக என்று ஒரு வரி சேருங்கள். முழுத் தடை போடுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். சர்வதேசக் கால்பந்துச் சம்மேளனமே (ஃபிஃபா) இதில் சூடுபட்டது. அரசியல் சின்னம் என்று சொல்லி 2016-இல் பாப்பிக்காக இங்கிலாந்துச் சங்கத்துக்கு 45,000 சுவிஸ் பிராங்க் அபராதம் போட்டது. அடுத்த ஆண்டே விதியைத் தளர்த்தியது. உங்கள் கிளையில் பூ குத்தியதற்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால் மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்துவிடும், அப்போது சட்டம் உங்கள் பக்கம் இருந்தும் பிரயோசனம் இருக்காது.

ஊழியர்களுக்குச் சொல்வது கொஞ்சம் வேறு. கழற்றச் சொன்னால் அந்த இடத்தில் வாக்குவாதம் வேண்டாம், கழற்றிவிடுங்கள். நியாயமான உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்பதே தனி ஒழுங்கு நடவடிக்கையாக மாறும், பிறகு பேச்சு பூவைப் பற்றி இருக்காது. அன்று மாலையே மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்த விதி, அது எங்கே எழுதியிருக்கிறது, மற்றச் சின்னங்களுக்கும் இது பொருந்துமா, ஸ்டிக்கர் அணியலாமா. குத்தச் சொல்லி வற்புறுத்தினாலும் இதே வழிதான். உங்கள் காரணத்தைச் சுருக்கமாக எழுதுங்கள், பாப்பி அணிகிறவர்களைக் குறை சொல்லும் ஒரு வார்த்தையும் அதில் வேண்டாம். கேலியோ மிரட்டலோ நடந்தால் தேதி, நேரம், கூட இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் முறைப்படி எழுத்தில் புகார் கொடுங்கள், யூனியனில் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் ஏகாஸ் (Acas) அமைப்பின் உதவி எண்ணில் இலவசமாகவே ஆலோசனை கிடைக்கும். தீர்ப்பாயத்துக்குப் போவதாக இருந்தாலும் பொதுவாக அவர்கள் வழியாகத்தான் முதலில் போக வேண்டும். கெடு குறுகியது, சம்பவம் நடந்த நாளிலிருந்தே கணக்கு ஓடத் தொடங்கிவிடும், கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.