குணக்கேடா, பட்ட பாடா? பெண்களின் மனநோயை அணுகும் விதம் பற்றி

யாழ்ப்பாணத்தில் மனநலக் கிளினிக்குக்கு அழைத்து வரப்படும் திருமணமான பெண்ணைப் பற்றி முதலில் பேசுபவர் அநேகமாக அவராக இருப்பதில்லை. கணவரோ மாமியாரோ, சில வேளைகளில் பெற்ற தாயோ, "இவ சும்மா சும்மா ஏசுவா, ஒருத்தரோடையும் ஒத்துப்போகமாட்டா, சின்னனிலையிருந்தே இவவின்ர குணம் இதுதான்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். உளவள ஆலோசகராகப் பணிபுரியும் எனக்கு, அந்த வாக்கியத்தை அப்படியே கோப்பில் ஏற்றுவதுதான் எமது தொழிலின் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது. வீட்டார் 'குணம்' என்று சொல்வதை நாம் 'ஆளுமைக் கோளாறு' என்று எழுதிய கணத்திலேயே, அவருக்கு என்ன நேர்ந்தது என்ற விசாரணை நின்றுபோகிறது.

இந்த ஆபத்து கோட்பாட்டிலேயே தொடங்குகிறது. ஆண் குழந்தையின் வளர்ச்சியை அளவுகோலாக வைத்து, பெண்ணின் ஆளுமையை ஆணுறுப்பு இல்லை என்ற குறையிலிருந்து பிறந்ததாக, உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃப்ராய்ட் விளக்கினார். பெண்கள் ஏங்குவது ஆணின் உடலுக்காக அல்ல, சமூகம் ஆணுக்கு வழங்கும் உரிமைகளுக்காகவே என்று உளப்பகுப்பாய்வாளர் கேரன் ஹோர்னி பின்னர் மறுத்தார். 1970இல் இங்கே புரோவர்மன் (Inge Broverman) என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் 79 மனநலத் துறையினரிடம், ஆரோக்கியமான ஆண், ஆரோக்கியமான பெண், ஆரோக்கியமான வயது வந்தவர் ஆகியோரின் இயல்புகளைக் குறிக்கச் சொன்னார்கள். ஆணுக்கும் வயது வந்தவருக்கும் ஏறத்தாழ ஒரே விவரணையே கிடைத்தது. பெண்ணோ அடங்கிப்போகிறவராகவும் எளிதில் மனம் புண்படுகிறவராகவும் குறிக்கப்பட்டார். ஆக, அடங்கினால் முதிர்ச்சியற்றவர், அடங்காவிட்டால் பெண்மையற்றவர்.

1987இல் வெளியான அமெரிக்க மனநோய்க் கையேட்டின் பின்னிணைப்பில், தன்னைத்தானே தோற்கடிக்கும் ஆளுமைக் கோளாறு என்ற வகை இடம்பெற்றது. அடிவாங்கியும் கணவனோடு வாழும் பெண்ணின் துன்பத்தை அவளுடைய இயல்பின் மேலேயே சுமத்தும் வகை இது என்று பெண்ணியவாதிகள் கடுமையாக எதிர்த்தார்கள். 1994ஆம் ஆண்டுப் பதிப்பில் அது இல்லை. எல்லைநிலை ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகளும் உறவுகளும் அடிக்கடி நிலைகுலையும் நிலை) என்று முத்திரை குத்தப்பட்ட பெண்கள் பலரிடம் சிறுவயதுத் துன்புறுத்தலின் வரலாறு இருப்பதை அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் எடுத்துக்காட்டினார்.

எங்கள் மண்ணில் இதன் பாரம் இன்னும் அதிகம். கணவர் காணாமலாக்கப்பட்டு, பொட்டு வைப்பதா அழிப்பதா என்பதைக்கூட ஊர் தீர்மானிக்கும் நிலையில், அவருக்குத் திவசம் செய்ய மறுக்கும் பெண்ணைப் 'பிடிவாதக்காரி' என்கிறோம். நுண்கடன் வசூலிக்க வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு நடுங்குபவரைப் 'பதற்றக்காரி' என்கிறோம். நீதியும் நிம்மதியும் கிடைக்காத வாழ்வை அவருடைய சுபாவமாக மாற்றிவிடும் இச்சொற்களை என்னால் ஏற்க முடியவில்லை.

இதனால் மனநோய் என்று ஒன்றில்லை என்றோ, மருந்து வேண்டாம் என்றோ பொருள்கொள்ளக் கூடாது. மகப்பேற்றுக்குப் பிந்திய கடும் மனச்சோர்வும், மனச்சிதைவும், இருதுருவக் கோளாறும் உரிய சிகிச்சை வேண்டுபவை. அவற்றையும் 'குணம்' என்று ஒதுக்கிப் பல மாதங்கள் தாமதித்தே பெண்களைக் கொண்டுவருகிறார்கள். ஆகவே, அழைத்து வருபவர்களிடம் நான் கேட்பது, அந்தப் பெண் எங்களோடு தனியாகப் பேசச் சிறிது நேரம் வெளியே இருங்கள் என்பதே. நித்திரை எப்படி, வீட்டில் பணம் யார் கையில், யாராவது அடிக்கிறார்களா, பயமின்றிப் போய் நிற்க ஒரு வீடு இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு அவர் உண்மையான பதிலைச் சொல்வது பெரும்பாலும் அந்தக் கதவு சாத்தப்பட்ட பிறகுதான்.