யமாஜிரோ: மலைக்கோட்டையா, மலையரணா?

ஜப்பானியக் கோட்டை என்றதும் வெள்ளைச் சுவரும் அடுக்குக் கூரையுமாக ஹிமேஜிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே ஹியோகோ மாநிலத்தில், அசாகோ நகரிலுள்ள தகேதாவில் கூரையும் இல்லை, கோபுரமும் இல்லை. 353.7 மீட்டர் உயர மலையின் உச்சியில், வடக்கு தெற்காக ஏறத்தாழ 400 மீட்டர் நீளத்துக்குக் கற்சுவர்கள் மட்டுமே நிற்கின்றன. இவ்வகைக்கு ஜப்பானியத்தில் 'யமாஜிரோ' என்று பெயர்.

'யமா' என்றால் மலை, 'ஷிரோ' என்றால் கோட்டை. சேரும்போது ஷி, ஜி ஆகத் திரிகிறது. புணர்ச்சி விதி அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. வியப்பு 'ஷிரோ'வின் கதையில் இருக்கிறது. கோட்டையைக் குறிக்கும் சீன எழுத்தைப் பழங்காலத்தில் 'கி' என்றே வாசித்தார்கள். 663இல் கொரியக் கரையில் சீனாவின் தாங் அரசு, கொரியாவின் சில்லா அரசு ஆகியவற்றின் படைகளிடம் தோற்ற ஜப்பான், எதிரி கடல் தாண்டி வருவான் என்று அஞ்சி மறு ஆண்டே கியூஷூவில் எழுப்பிய அகழியோடு கூடிய மண்கரைக்குப் பெயர் 'மிஸுகி'. மிஸு என்றால் நீர். நம் இலக்கணப்படி அது அப்பட்டமான நீரரண்!

இன்றைய கியோட்டோ இருக்கும் பகுதிக்கு யமாஷிரோ என்று பெயர். முதலில் அதை 'மலையின் பின்புறம்' என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதினார்கள். 794இல் பேரரசர் கன்மு தலைநகரை அங்கே மாற்றியபோது, மலையும் ஆறும் சூழ்ந்து இயற்கையே அரண் செய்திருக்கிறது என்று காரணம் காட்டி, 'ஷிரோ'வுக்குக் கோட்டையின் எழுத்தை இட்டார். அந்த எழுத்துக்கு 'ஷிரோ' என்ற வாசிப்பு இந்த மாற்றத்திலிருந்து வந்தது என்பதே பரவலான விளக்கம்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'மலைக்கோட்டை' என்றால் நமக்குத் திருச்சியும் உச்சிப்பிள்ளையாரும்தான் முன்னே வந்து நிற்பார்கள். அதைவிட, கோட்டை என்ற சொல் கட்டடத்தையே காட்டுகிறது என்பது பெரிய குறை. பெரும்பாலான யமாஜிரோக்களில் கட்டடம் சிறு பகுதிதான். மலைமுகட்டைச் சமன்செய்த தளம் 'குருவா', முகட்டைக் குறுக்கே வெட்டிய பள்ளம் 'ஹொரிகிரி', மண்கரை 'தொருய்'. மலையையே செதுக்கிப் பகைவனைத் தடுக்கும் வேலை இது. நீர், வெட்டவெளி, மலை, காடு ஆகியவற்றையே அரண் என்று எண்ணும் குறள் (742) நமக்கு இருக்கையில், 'மலையரண்' என்பதே பொருத்தம்.

தகேதாவும் இன்றுள்ள கல்வடிவத்தில் தொடங்கியதல்ல. 15ஆம் நூற்றாண்டில் யமானா குலத்தார் கட்டி, ஓதாகாகி குடும்பத்திடம் ஒப்படைத்தார்கள் என்பது மரபு. பக்கத்திலேயே இகுனோ வெள்ளிச் சுரங்கம். பிறகு சும்மா விடுவார்களா? 1577இல், பின்னாளில் ஜப்பானையே ஒன்றிணைத்த தளபதி ஹிதேயோஷியின் படை வந்து பிடித்துக்கொண்டது. சிமென்ட் போன்ற பூச்சு ஏதுமின்றி, செதுக்காத கற்களை அடுக்கும் 'அனோ' முறைச் சுவர்கள், கடைசித் தலைவன் அகாமாட்சு ஹிரோஹிதேயின் காலத்தவை. போர்க்கைதியாக வந்த கொரிய அறிஞர் காங் ஹாங்கை ஆதரித்த, கல்வியில் நாட்டம் கொண்டவன் அவன். ஜப்பானை யார் ஆள்வது என்பதை முடிவுசெய்த 1600ஆம் ஆண்டின் செகிகஹாராப் போரில் தோற்ற அணியில் இருந்தான். பிறகு வென்ற அணியோடு சேர்ந்து தொத்தோரிக் கோட்டையைத் தாக்கியும், அந்நகருக்குத் தீ வைத்ததாகப் பழி சுமத்தப்பட்டுத் தற்கொலைக்கு ஆணையிடப்பட்டான். தகேதாவும் கைவிடப்பட்டது.

மலையின் பெயர் இப்போது கோஜோசான், அதாவது 'பழங்கோட்டை மலை'. இலையுதிர்காலக் காலைகளில் மருயாமா ஆற்றுப் பனிமூட்டம் சூழ்வதால் 'வானத்துக் கோட்டை' என்ற சுற்றுலாப் பெயரும் ஒட்டிக்கொண்டது. அரசு ஆவணங்களில் அது 'தகேதா-ஜோ-அதோ'. 'ஜோ' என்பது கோட்டையின் எழுத்துக்கு இன்னொரு வாசிப்பு; 'அதோ' என்றால் சுவடு, எச்சம். ஆகவே 'பாழடைந்த கோட்டை' என்று எழுதுவதைவிட, 'தகேதா மலையரண் எச்சம்' என்பது மூலத்துக்கு நெருக்கம்.