தீ ஆகாத கல்லும் தீயில் இளகும் வெள்ளியும்

"அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்களின் மோதிரங்களில் டர்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல்லைப் பதிக்கும்போது வெள்ளியைச் சூடாக்குவார்களே, கல் வெடிக்காதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

சூட்டில் வைத்தால் கெட்டுத்தான் போகும். தாமிரம், அலுமினியம், பாஸ்பேட்டோடு நீரும் சேர்ந்த கனிமம் அது. நீலம் தாமிரம் தருவது. இரும்பு கலந்தால் பச்சை. சில நூறு டிகிரி செல்சியஸிலேயே படிகத்துக்குள் இருக்கும் நீர் போய்விடும். நிறமும் போகும், கல்லும் நொறுங்கும். (கல்லின் நிறம் மாறினால் ஆபத்து வரும் என்று பயமுறுத்தி விற்பவர்களை நம்பாதீர்கள். நுண்துளைகளில் உடம்பின் எண்ணெய் ஏறினாலும் நிறம் மாறும்.)

இனி வெள்ளியின் கதை. அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களை நியூ மெக்சிகோவின் போஸ்க் ரெடோண்டோவில் அடைத்து வைத்திருந்தது. 1868இல் ஊர் திரும்பிய பிறகுதான் அவர்களிடையே வெள்ளி வேலை பரவியது. அன்று நாணயங்களே கச்சாப்பொருள். அன்றைய அமெரிக்க வெள்ளி டாலரில் 90 சதவீதம் வெள்ளி, மீதி தாமிரம்.

உருக்கி வார்த்த கட்டியைச் சுத்தியலால் தட்டித் தகடாக்குவார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். விரித்த ஜமக்காளத்தை மொத்தமாக இழுப்பது கடினம். ஒரு சுருக்கத்தை உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போனால் சுலபமாக நகரும். வெள்ளியின் அணு அடுக்குகளிலும் அப்படிப்பட்ட பிசகுகள் உண்டு. அவை ஓடுவதால்தான் உலோகம் வளைகிறது. ஒவ்வொரு அடியிலும் புதுப் பிசகுகள் பிறந்து, ஒன்றோடொன்று சிக்கி, நகர முடியாமல் நிற்கும். தகடு இறுகிவிடும். இன்னும் அடித்தால் விரிசல் விழும். அதனால் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சுவார்கள். திடநிலையிலேயே புதிய படிகத் துகள்கள் முளைத்து, சிக்கலான பழையவற்றை விழுங்கிவிடும். வெள்ளி மறுபடி இளகும். அச்சுகளால் கோலம் பதிப்பதும் இந்த இளக்கத்தில்தான்.

கல்லுக்கான கூடு ஒரு மெல்லிய வெள்ளிப் பட்டை. வளைத்துத் தகட்டில் பற்றவைக்கும்போது, 700 டிகிரிக்கு மேல் போகும் அந்தச் சூட்டில் பட்டையும் இளகும். தீ வேலை எல்லாம் முடிந்து, நகை ஆறிய பிறகே கல் உள்ளே இறங்கும். பட்டையின் விளிம்பை எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி அழுத்திக் கல்லின் மேல் மடிப்பார்கள். அந்த அழுத்தத்திலும் பிசகுகள் பெருகிச் சிக்கும். மடிந்த விளிம்பு மடிந்தபடியே இறுகிக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். முன்பு தகட்டை வெடிக்க வைக்கப் பார்த்த அதே இறுக்கம்!

பழைய நகைகளில் கல்லுக்கு அடியில் மரத்தூள் மெத்தை இருக்கலாம். நனைந்தால் அது ஊதிக் கல்லைத் தள்ளும். தண்ணீரில் போடாமல் உலர்ந்த துணியால் துடையுங்கள்.