கெல்வின் என்ற அலகும் தனிவெப்பநிலை என்ற சொல்லும்

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் வாயுக் கணக்கைத் தொட்டவுடன் செய்யும் முதல் வேலை 273ஐக் கூட்டுவது. 27 பாகை செல்சியஸ் என்று கேள்வியில் இருந்தால் 300 என்று எழுதி, பக்கத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'கே'யைப் போடுவார்கள். அந்த எழுத்து குறிப்பது கெல்வினை. தனிவெப்பநிலையை அளக்கும் அலகு அது. மட்டக்களப்பில் 27, 28 பாகை என்பது சாதாரண நாள்தான். ஆகவே நம் ஊர் வெப்பநிலையை 300 கெல்வின் என்று சொன்னால் பெரிதாகப் பிழைக்காது.

கெல்வின் உண்மையில் ஓர் ஆற்றின் பெயர். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அருகால் ஓடுகிறது. அங்கே 22 வயதிலேயே பேராசிரியரானவர் வில்லியம் தொம்சன். 1892இல் அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தபோது அந்த ஆற்றின் பெயரையே பட்டப்பெயராக எடுத்துக்கொண்டு கெல்வின் பிரபு ஆனார். அதே 1892இல்தான் காரைதீவில் விபுலாநந்த அடிகள் பிறந்தார். விஞ்ஞானம் படித்து, விஞ்ஞானம் கற்பித்து, பின்னாளில் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் முன்னின்று உழைத்தவர் அவர். கலைச்சொல்லைப் பற்றி இந்த மண்ணிலிருந்து எழுதும்போது அடிகளை நினைக்காமல் இருக்க முடியாது.

சரி, 'தனி' என்ற சொல் எதற்கு? இரசம் ஒரு விதமாக விரியும், மதுசாரம் இன்னொரு விதமாக விரியும். இரண்டையும் வைத்து வெப்பமானி செய்து, பனிக்கட்டி உருகும் நிலையிலும் நீர் கொதிக்கும் நிலையிலும் ஒத்துப்போகச் செய்தாலும், இடைப்பட்ட வெப்பநிலைகளில் அவை சற்று வேறுபட்டே காட்டும். எந்தப் பொருளின் குணத்தையும் நம்பியிராத ஓர் அளவுத்திட்டம் வேண்டும் என்று 1848இல் தொம்சன் எழுதினார். வெப்ப எஞ்சின்கள் பற்றிப் பிரெஞ்சுப் பொறியியலாளர் கார்னோ சொன்ன கொள்கையை அதற்கு அடிப்படையாக எடுத்தார். வேறொன்றையும் சாராமல் நிற்பதைத் தமிழில் 'தனி' என்கிறோம். அவர் தேடியதும் அதைத்தான். இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது கடினம்.

செல்சியஸ் அளவுத்திட்டத்தின் பூச்சியம் நீர் உறையும் இடம். வெப்பம் அங்கே முடிந்துவிடுவதில்லை. இதற்குமேல் குளிர முடியாது என்ற எல்லை மறை 273.15 பாகை செல்சியஸ். அதுதான் தனிப்பூச்சியம், கெல்வின் கணக்கின் தொடக்கம். 27 பாகை 54 ஆனால் வெப்பநிலை இரண்டு மடங்காகிவிட்டது என்று நினைப்பது பிழை. 300 கெல்வினின் இரண்டு மடங்கு 600 கெல்வின், அதாவது ஏறத்தாழ 327 பாகை. கச்சான் காற்று வீசும் ஒரு நாளை எடுங்கள். காலையில் 27 பாகையில் காற்றடித்த மோட்டார் சைக்கிள் ரயர் வெயிலில் கிடந்து, உள்ளே 57 பாகைக்கு ஏறிவிட்டது என்று வைப்போம். 300 கெல்வின் 330 ஆகியிருக்கிறது. ரயரின் கனவளவு மாறவில்லை என்றால் உள்ளிருக்கும் காற்றின் மொத்த அமுக்கம் பத்திலொரு பங்கு கூடும். செல்சியஸ் எண்களை வைத்துப் போட்டால் இரண்டு மடங்குக்கு மேல் கூடியதாக வரும். அப்படியென்றால் ஊரில் ஒரு ரயரும் மிஞ்சாது.

அப்புறம் எழுதும் முறை. '300 பாகை கெல்வின்' என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். முன்பு அப்படித்தான் இருந்தது. 1967-68இல் கூடிய நிறை, அளவைகளுக்கான பொது மாநாடு 'பாகை'யை நீக்கிவிட்டது. மீற்றர், கிலோகிராம் போல இதுவும் தனித்து நிற்கும் அலகு. எனவே 300 கெல்வின் என்றே எழுத வேண்டும். சின்ன வட்டமும் வேண்டாம். முன்னர் பனிக்கட்டி, நீர், நீராவி மூன்றும் ஒன்றாக நிலைத்திருக்கும் வெப்பநிலையை, அதாவது நீரின் மும்மைப் புள்ளியான 273.16 கெல்வினை வைத்து இந்த அலகை வரையறுத்தார்கள். 2019 மே 20 முதல், வெப்பநிலையைச் சக்தியோடு தொடர்புபடுத்தும் போல்ட்ஸ்மான் மாறிலியின் பெறுமானத்தை நிலையாக வைத்து வரையறுக்கிறார்கள். நீரையும் சாராத அலகாகிவிட்டது.

தமிழில் இதற்கு என்ன சொல்? ஆளின் பெயரால் வந்த அலகை மொழிபெயர்க்கத் தேவையில்லை. கெல்வின் என்பதே சரி. கிரந்த எழுத்தும் வேண்டியதில்லை. கல்வி, செல்வன் போல 'ல்'லை அடுத்து 'வ' வருவதால் தமிழ் வாய்க்கு இயல்பாகவே வரும். கருத்துக்குரிய சொற்களைத்தான் தமிழில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் தனிச்சுழி என்பார்கள், நாம் தனிப்பூச்சியம் என்கிறோம். இரண்டும் நல்ல சொற்கள். முதலாம் வகுப்பிலிருந்தே பூச்சியம் என்று எண்ணிப் பழகிய நம் பிள்ளைகளுக்குத் தனிப்பூச்சியம்தான் சட்டென்று பிடிபடும்.

கல்முனைக் கடைகளில் மின்குமிழ்ப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 3000, 6500 என்ற எண்களுக்குப் பக்கத்திலும் இதே எழுத்து இருக்கும். அது ஆயிரத்தைக் குறிக்கும் 'கே' இல்லை, குமிழின் சூடும் இல்லை. தன்மேல் விழும் ஒளி முழுவதையும் உறிஞ்சும் ஒரு கரும்பொருளை அத்தனை கெல்வினுக்குச் சூடாக்கினால் வரும் ஒளியின் நிறத்தைச் சொல்கிறது. 3000 என்றால் மஞ்சள் கலந்த வெளிச்சம், 6500 என்றால் நீலம் தட்டிய வெள்ளை.